கல்லூரிப் படி மிதிக்காத வாத்தியார்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு. நாலைந்து பக்கத்துக்குள், இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்றார்கள். கல்லூரி மலரில் கல்லூரிக்கே போகாத ஒருவரைப் பற்றி எழுதலாமா என்று திருப்பிக் கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் சார் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆலிவர் ஹெவிசைடு.

எங்கள் செட் (பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ், 1968–71) கடைசி வருஷத்தில் சிறப்புச் சார்பியல் கொள்கை படித்தது. அதில் ஒரு கணக்கு தவறாமல் வரும். சீரான வேகத்தில் ஓடுகிற ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி மின்புலம் எப்படி இருக்கும், காந்தப்புலம் எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கு. லோரன்ட்ஸ் உருமாற்றத்தைப் போட்டு ஒன்றரைப் பக்கத்தில் விடை கொண்டுவர வேண்டும். நானும் நெட்டுருப் போட்டுத்தான் எழுதினேன். அந்த விடை ஐன்ஸ்டைன் கண்டுபிடித்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐன்ஸ்டைனுக்குப் பத்து வயதுகூட ஆகாத காலத்திலேயே அதை எழுதி அச்சிலும் கொண்டுவந்துவிட்டார் ஒருவர் என்பதும், அவர் பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஆள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹெவிசைடு பிறந்தது 1850 மே 18, லண்டனில் கேம்டன் டவுன் என்ற பகுதி. அப்பா தாமஸ், மரத்தில் சித்திரம் செதுக்கி அச்சுக்குக் கொடுக்கும் தொழிலாளி. புகைப்படம் வந்து அந்தத் தொழிலைத் தின்றுகொண்டிருந்த நேரம். அம்மா ரேச்சல் வீட்டிலேயே சின்னதாகப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திப் பார்த்தார். நாலு பையன்களில் ஆலிவர் கடைக்குட்டி. சின்ன வயசில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து காது பாதி போயிற்று. தெருப் பையன்களோடு சேர்ந்து விளையாட முடியாமல் ஒதுங்கிய அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் அவரை விடவில்லை.

படிப்பில் கெட்டிக்காரன். 1865-இல் ஒரு பொதுத் தேர்வில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஐந்தாவது இடம். ஆனால் யூக்லிட் வடிவியலில் படு மோசமான மார்க். ஒரு உண்மை கண்ணுக்குத் தெரியும்போது அதைச் சுற்றிச் சுற்றி நிரூபிப்பது எதற்கு என்பது அவருடைய எண்ணம். இந்தக் குணம் பிறகு கேம்பிரிட்ஜ் கணித மேதைகளோடு அவருக்குச் சண்டை மூட்டிவிட்டது. மேலே படிக்கக் குடும்பத்தில் வசதி இல்லை.

ஒரே ஒரு அதிர்ஷ்டம், பெரியம்மா முறை உறவு. தந்தியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான சார்லஸ் வீட்ஸ்டன், அதுதான் நாம் லேபில் ரெசிஸ்டன்ஸ் அளக்கிற பிரிட்ஜுக்குப் பெயர் கொடுத்தவர், அம்மாவின் சகோதரியை மணந்தவர். அவர் காட்டிய வழியில் டேனிஷ், ஜெர்மன், மோர்ஸ் எல்லாம் கற்றுக்கொண்டு 1868-இல், பதினெட்டு வயதில், டென்மார்க் போய்த் தந்தி வேலையில் சேர்ந்தார். கடலடிக் கேபிள் வழியாக இங்கிலாந்தோடு பேசும் நிலையம். ஓரிரு வருஷத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு மாற்றல். வீட்ஸ்டன் பிரிட்ஜைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1873-இல் வந்தபோது வயது இருபத்திரண்டு. மாக்ஸ்வெல்லே அதைக் கவனித்து, தன் நூலின் அடுத்த பதிப்பில் குறிப்பிட்டார்.

அந்த நூல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். மின்சாரமும் காந்தமும் பற்றிய மாக்ஸ்வெல்லின் பெரிய நூல் 1873-இல் இரண்டு தொகுதியாக வெளிவந்தது. நியூகாசிலில் ஒரு நூலகத்தில் ஹெவிசைடு அதைப் புரட்டினார். ஒன்றும் புரியவில்லை. அப்போது அவர் கையிருப்பு பள்ளிக்கூட அல்ஜீப்ராவும் டிரிகனாமெட்ரியும்தான், அதிலும் பாதி மறந்து போயிருந்தது. ஆனால் இதற்குள் ஏதோ பெரிய சங்கதி இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. 1874-இல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு லண்டனுக்கு அப்பா அம்மாவிடம் வந்து உட்கார்ந்துகொண்டார். வயது 24. அதற்கப்புறம் எழுபத்து நாலு வயதில் சாகும் வரை அவர் எந்த வேலைக்கும் போகவில்லை.

நம் வீட்டில் ஒரு பையன் இப்படிச் செய்தால் என்ன சொல்வோம்? காது சரியில்லை, கல்யாணம் இல்லை, சம்பாத்தியம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலையும் அடைத்து, விளக்குப் புகையும் பைப் புகையுமாக ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறான். அம்மா சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறாள். நல்ல வேளை, அந்தப் பெற்றோர் பொறுத்துக்கொண்டார்கள். தந்தி இலாகாவில் என்ஜினியராக இருந்த அண்ணன் ஆர்தர் துணையாக இருந்தார்.

1882 முதல் தி எலெக்ட்ரீஷியன் என்ற தொழில் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். அவருக்குக் கிடைத்த வருமானம் வருஷத்துக்குச் சுமார் 40 பவுன். அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் தந்திக் கம்பி இழுக்கிறவர்களும் டைனமோ ஓட்டுகிறவர்களும். அவர்கள் கையில்தான் மின்காந்தவியலின் முழு வடிவமும் வந்து விழுந்தது. மாக்ஸ்வெல் 1879-இல் 48 வயதில் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற கொள்கை 1865 கட்டுரையில் இருபது சமன்பாடுகளாக இருந்தது. ஹெவிசைடு அதைக் குடைந்து குடைந்து, மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் நேராக முன்னால் நிறுத்தி, வெக்டார் முறையைத் தானே உண்டாக்கி (அமெரிக்காவில் கிப்ஸ் என்பவரும் தனியாக அதையே செய்துகொண்டிருந்தார்), 1885 வாக்கில் நாலே சமன்பாடுகளாகச் சுருக்கினார். நாம் கரும்பலகையில் எழுதி மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த நாலும் மாக்ஸ்வெல் நூலில் அந்த உருவில் கிடையாது. கருத்து அவருடையது, எழுத்து ஹெவிசைடுடையது. இண்டக்டன்ஸ், இம்பீடன்ஸ், அட்மிட்டன்ஸ் ஆகிய வார்த்தைகளும் அவர் சூட்டியவைதான்.

இனி நம் கணக்குக்கு வருவோம். பிள்ளைகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது. சூத்திரம் எழுதிப் பயமுறுத்த மாட்டேன்.

அசையாமல் இருக்கிற ஒரு மின்னூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி மின்விசைக் கோடுகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கடம்பப் பூவைப் பார்த்திருப்பீர்கள், உருண்டையாக, சுற்றிலும் ஊசி ஊசியாக. அதே மாதிரி. காந்தப்புலம் ஏதும் கிடையாது. இப்போது அந்தப் பூவை ஒரே வேகத்தில், நேர்கோட்டில் ஓட விடுங்கள். என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை 1881-இல் ஜே.ஜே. தாம்சன் எடுத்தார், எலெக்ட்ரானைக் கண்டு பிற்பாடு பெரும் பெயர் வாங்கியவர். ஓடுகிற மின்னூட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும், அதனால் அதைத் தள்ளுவது கொஞ்சம் கஷ்டமாகும், அதாவது நிறை கூடினாற்போல் இருக்கும் என்று சரியாகவே பார்த்தார். ஆனால் கணக்கு மெதுவான வேகத்துக்கு மட்டும்தான் பொருந்தியது, அதிலும் சில எண்கள் பிசகியிருந்தன. ஹெவிசைடு 1888 கடைசியில் அதைக் கையில் எடுத்து, எந்த வேகமானாலும் பொருந்துகிற முழு விடையைக் கொண்டுவந்தார். 1889-இல் விரிவாக வெளியிட்டார். அதே கட்டுரையில், காந்தப்புலத்தில் ஓடும் மின்னூட்டத்தின் மேல் விழும் விசையையும் சரியாக எழுதினார். தாம்சன் விடையில் அது பாதிதான் இருந்தது. இன்று அதற்கு லோரன்ட்ஸ் விசை என்று பெயர்.

விடை விசித்திரமானது. ஒரு மாட்டுவண்டி ஓடினால் புழுதி பின்னால்தானே பறக்கும்? அந்த மாதிரி, ஓடும் மின்னூட்டத்தின் புலமும் பின்தங்கி வளைந்து கிடக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். புலத்தில் ஏற்படும் மாற்றம் ஒளி வேகத்தில்தானே பரவ முடியும்? ஆனால் கணக்கு வேறு விதமாகச் சொல்லிற்று. கோடுகள் வளையவே இல்லை. ஒவ்வொரு கோடும் மின்னூட்டம் இந்த வினாடி இருக்கிற இடத்திலிருந்தே நேராகக் கிளம்புகிறது. மாறியது ஒன்றுதான்: முன்னாலும் பின்னாலும் கோடுகள் கலைந்து, பக்கவாட்டில் நெருங்கிக்கொண்டன. கடம்பப் பூவை முன்னும் பின்னும் இரு உள்ளங்கையால் அழுத்தினாற்போல.

ஒளி வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கு வேகம் என்று வைத்துக்கொள்வோம். அதே தூரத்தில், ஓடும் திசையில் மின்புலம் பழைய அளவில் 0.36 ஆகக் குறைந்துவிடும். பக்கவாட்டில் 1.67 மடங்காகக் கூடும். வேகத்தை ஏற்ற ஏற்றப் பூ அடையாகி, அடை அப்பளமாகிக்கொண்டே போகும். ஒளி வேகத்தை எட்டும் எல்லையில் புலம் முழுக்க ஒரே தளத்தில் ஒட்டிவிடும். கூடவே, ஓடும் பாதையைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப்புலம். மின்புலத்தோடு வேகத்தைப் பெருக்கினால் அது வந்துவிடுகிறது, தனியாக அதற்கு வேறு பிறப்பு இல்லை.

எந்தக் காரணத்தால் பூ இப்படி அழுந்துகிறது என்பது ஹெவிசைடுக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் ஈதர் என்ற ஒன்று வெளியெங்கும் நிரம்பியிருப்பதாக நம்பினார்கள். அவரும் நம்பினார். ஈதரைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது இப்படி ஆகிறது என்பதே விளக்கம். ஒளியைவிட வேகமாக மின்னூட்டம் ஓடினால் என்ன ஆகும் என்றுகூடக் கணக்குப் போட்டு, படகுக்குப் பின்னால் விரியும் அலை மாதிரி ஒரு கூம்பு வரும் என்று எழுதிவைத்தார். வெற்றிடத்தில் அப்படி ஓட முடியாது. ஆனால் தண்ணீருக்குள் ஒளி மெதுவாகப் போவதால், அங்கே எலெக்ட்ரான் அதை முந்த முடியும். 1934-இல் செரன்கோவ் அந்த நீல ஒளியைக் கண்டார், 1958-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. ஹெவிசைடின் அந்தப் பக்கங்களை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

1889 தொடக்கத்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஜார்ஜ் ஃபிட்ஸ்ஜெரால்டு ஹெவிசைடைத் தேடி வந்தார். அன்று தொடங்கிய நட்பு ஃபிட்ஸ்ஜெரால்டு 1901-இல் சாகும்வரை கடிதத்தில் நடந்தது. அவர் மனசில் வேறொரு புதிர் ஓடிக்கொண்டிருந்தது. 1887-இல் அமெரிக்காவில் மைக்கல்சனும் மார்லியும், பூமி ஈதரில் ஓடும் வேகத்தை ஒளியைக் கொண்டு அளக்கப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது, கருவியோ பூமி நின்றுகொண்டிருப்பதாகச் சொன்னது. ஹெவிசைடின் அழுந்திய பூ ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வழி காட்டிற்று. ஓடும் மின்னூட்டத்தின் புலம் ஓடும் திசையில் சுருங்குகிறது. கல், இரும்பு எல்லாவற்றையும் கட்டிவைத்திருக்கிற விசையும் மின்விசை போன்றதே என்றால், கருவியும் ஓடும் திசையில் சுருங்கத்தானே வேண்டும்? அளக்கிற கோலே சுருங்கினால் வித்தியாசம் எப்படித் தெரியும்? சுருங்குவதும் துளியூண்டுதான். பூமியின் விட்டம் 12,700 கிலோமீட்டருக்கு மேல். அது சுருங்குவது ஆறு சென்டிமீட்டர் அளவு.

இதை அவர் 1889-இல் சயன்ஸ் பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதமாக எழுதிப் போட்டார். அச்சில் வந்ததா இல்லையா என்பது அவருக்கே பல வருஷம் நிச்சயமாகத் தெரியாது! ஹாலந்தில் லோரன்ட்ஸ் 1892-இல் தனியாக அதே முடிவுக்கு வந்து, அதைப் பெரிய கொள்கையாகக் கட்டினார்.

1905-இல் பெர்ன் நகரப் பேடன்ட் ஆபீஸில் வேலை பார்த்த 26 வயது ஐன்ஸ்டைன் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். அவர் கட்டுரையின் தலைப்பே ஓடும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றியதுதான். காந்தத்தை நிறுத்திக் கம்பிச் சுருளை நகர்த்தினாலும், சுருளை நிறுத்திக் காந்தத்தை நகர்த்தினாலும் ஒரே கரண்ட் வருகிறது, அப்படியிருக்க இரண்டுக்கும் இரண்டு விளக்கம் எதற்கு என்று ஆரம்பித்தார். ஈதரே வேண்டாம், சீராக ஓடுகிற எல்லோருக்கும் இயற்கையின் விதி ஒன்றே, ஒளியின் வேகமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் போதும். நீளம் சுருங்குவதும் நேரம் நீள்வதும் தாமாக வந்துவிடும்.

அப்போது பூ அழுந்தியதன் காரணமும் தெரிந்தது. மின்னூட்டத்தோடு கூடவே ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அசையாத மின்னூட்டம்தான். முழு உருண்டையான கடம்பப் பூ, காந்தப்புலம் என்ற பேச்சே இல்லை. பிளாட்பாரத்தில் நிற்கிற நமக்கு அந்த ரயிலின் நீளம் சுருங்கித் தெரிகிறது, பூவும் கூடச் சேர்ந்து சுருங்கித் தெரிகிறது. பிளாட்பாரத்தில் நிற்பதாலேயே நமக்குக் காந்தப்புலமும் தென்படுகிறது. ஹெவிசைடு கொண்டுவந்த விடை எழுத்துக்கு எழுத்து அதுதான். மாக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குள் சார்பியல் முதலிலிருந்தே ஒளிந்திருந்தது. அது இருப்பது தெரியாமலேயே அதன் ஒரு முனையைப் பதினாறு வருஷம் முன்பே இழுத்து வெளியே போட்டுவிட்டார் இந்த மனிதர்.

இன்னொரு கணக்கையும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கலாம். அந்த ரயிலில் இரண்டு மின்னூட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, இரண்டும் ஒரே ஜாதி. வேகம் முன்பு சொன்ன பத்தில் எட்டு. நமக்கு மின்விசை 1.67 மடங்காகித் தள்ளுகிறது. காந்தவிசை 1.07 அளவுக்கு இழுக்கிறது. மிச்சம் 0.6. ரயிலின் கடிகாரம் நமக்கு எந்த விகிதத்தில் மெதுவாக ஓடுவதாகத் தெரிகிறதோ, அதே 0.6! இந்த இடத்தில் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். பரீட்சைக்கு எழுதியபோது சிலிர்க்கவில்லை.

இதெல்லாம் ராக்கெட் வேகத்துக்கும் மேலே, நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், மேலே சுற்றுகிற ஃபேனைப் பாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில் 13 ஆம்பியர் கரண்ட் போனால், உள்ளே எலெக்ட்ரான்கள் நகரும் வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் சுமார். எறும்பே முந்திவிடும். அந்த வேகத்தில் நீளச் சுருக்கம் என்பது ஒன்றுக்குப் பின்னால் 23 சைபர் போட்டு, அதில் ஒரு பங்கு என்கிற அளவு. ஆனால் ஒரு மீட்டர் கம்பியில் ஓடக்கூடிய எலெக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டம் 13,000 கூலும்புக்கு மேல். ஒரு கூலும்பையும் இன்னொரு கூலும்பையும் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அவை ஒன்றையொன்று ஒன்பது லட்சம் டன் எடைக்குச் சமமாகத் தள்ளும். கம்பியில் பாசிட்டிவும் நெகட்டிவும் சரிசமமாக இருந்து ஒன்றையொன்று அடித்துவிடுவதால் நாம் பிழைத்தோம். எலெக்ட்ரானோடு சேர்ந்து நகர்பவருக்கு அந்தச் சரிசமம் துளி பிசகித் தெரிகிறது. பிரம்மாண்டமான ஒன்றில் அற்பமான அந்தப் பிசகைத்தான் நாம் காந்தவிசை என்கிறோம். அதுதான் ஃபேனைச் சுற்றுகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன், ஹெவிசைடின் கஷ்ட காலமும் அதில்தான் வருகிறது. 1973-இல் தபால் தந்தித் துறையில் என்ஜினியரிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். 1978 என்று ஞாபகம், ஒரு மழைக்காலத்தில் கேபிள் குழிக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த ஜாயின்டர் நிமிர்ந்து பார்த்தால், என் வகுப்புத் தோழன்! அப்பா இறந்து, இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன். எங்கள் ட்ரங்க் கேபிளில் ஏறத்தாழ 1,830 மீட்டருக்கு ஒன்று என்று லோடிங் காயில் வைப்போம். கம்பிச் சுருள், அவ்வளவுதான். சுருளை வைத்தால் பேச்சுக்குத் தடைதானே வர வேண்டும், எப்படிடா தெளிவாகிறது என்று அவன் கேட்டான். டிகிரி வாங்கிய என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிலைத் தேடிப் போனதில்தான் ஹெவிசைடு அகப்பட்டார்.

கேபிளில் கம்பிகள் நெருங்கிக் கிடப்பதால் கொள்திறன் அதிகம், இண்டக்டன்ஸ் குறைவு. குரலின் ஒவ்வொரு சுருதியும் ஒவ்வொரு அளவு தேய்ந்து, ஒவ்வொரு வேகத்தில் போய்ச் சேர்ந்து, குழம்பிவிடும். கம்பியின் தடைக்கும் இண்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதம், கசிவுக்கும் கொள்திறனுக்கும் உள்ள விகிதத்தோடு ஒத்துப்போனால் குழப்பமே இராது, ஆகவே இண்டக்டன்ஸைக் கூட்டுங்கள் என்று 1887-இல் ஹெவிசைடு எழுதினார். பிரிட்டிஷ் தபால் துறையின் பெரிய என்ஜினியர் வில்லியம் பிரீஸ், இண்டக்டன்ஸ் என்பதே சத்ரு என்று நம்பியவர். ஆர்தரும் ஆலிவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவராமல் தடுத்துவிட்டார். ஆர்தர் அவர் கீழே வேலை பார்ப்பவர், என்ன செய்வார்? அதே ஆண்டு எலெக்ட்ரீஷியன் ஆசிரியரும் மாறி, தொடரும் நின்றது. 1889 ஜனவரியில் வில்லியம் தாம்சன், அதாவது கெல்வின் பிரபு, தலைமை உரையில் ஹெவிசைடைப் பாராட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1891-இல் ராயல் சொஸைட்டி உறுப்பினராக்கியது. அதே சொஸைட்டி சில வருஷத்தில், முறையான நிரூபணம் இல்லை என்று அவருடைய கட்டுரைத் தொடரின் மூன்றாம் பகுதியைத் திருப்பியனுப்பிற்று. யூக்லிட் விட்ட சாபம் போலும்.

அமெரிக்காவில் 1900-இல் பேராசிரியர் பூபின் லோடிங் காயிலுக்குப் பேடன்ட் வாங்கி, தொலைபேசிக் கம்பெனியிடமிருந்து லட்சக்கணக்கான டாலர் பெற்றார். ஹெவிசைடுக்குச் சல்லிக்காசு வரவில்லை, அவர் பேடன்டே எடுக்கவில்லை. இதில் பிறரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் வீம்பு ஜாஸ்தி. 1894-இல் நண்பர்கள் உதவி நிதி வாங்கித் தரப் பார்த்தபோது தர்மக் காசு வேண்டாம் என்று மறுத்தார். 1896-இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் பெர்ரியும் முயன்று அரசாங்கப் பென்ஷன் வருஷத்துக்கு 120 பவுன் ஏற்பாடு செய்தார்கள். அது அறிவியல் பணிக்கான மரியாதை என்று எடுத்துச் சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார்.

இந்தப் பதிலையெல்லாம் அந்தத் தோழனிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அப்போ அவரும் நம்ம டிபார்ட்மென்ட்தான் என்றான். இந்த மலரின் பின்பக்கத்தில் 1971 செட் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. பட்டம் வாங்கியவர்கள் மட்டும். அவன் பெயரையும் அதில் சேர்க்கும்படி மலர்க் குழுவை இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். அவன் எங்களோடு இரண்டு வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

ஹெவிசைடின் கடைசிக் காலம் சுருக்கம். 1889-இல் பெற்றோரோடு இங்கிலாந்தின் தென்மேற்கில் கடலோரப் பெயின்டனுக்குப் போனார்கள், அங்கே இன்னொரு அண்ணன் சார்லஸ் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அம்மா 1894-இலும் அப்பா 1896-இலும் காலமானார்கள். அப்புறம் தனிக்கட்டை. 1902-இல், வானத்தின் மேலே மின்கடத்தும் ஓர் அடுக்கு இருக்கலாம், ரேடியோ அலை அதைப் பற்றிக்கொண்டு பூமியைச் சுற்றிவரும் என்று கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் எழுதினார். அமெரிக்காவில் கென்னலியும் அதே வருஷம் அதையே சொன்னார். சிற்றலையில் இலங்கை வானொலியும் பி.பி.சி. தமிழோசையும் கேட்டு வளர்ந்த என் வயதுக்காரர்கள், மேலே இருந்த அடுக்குகளுக்குக் கடன்பட்டவர்கள்.

1905-இல், ஐன்ஸ்டைன் கட்டுரை வந்த அதே ஆண்டு, ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் பள்ளிப் படிப்போடு நின்ற இவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சார்பியல் வந்த பிறகும் இவர் ஈதரை விடவில்லை. தன் பூவுக்குத் தானே வேறு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

1908 முதல் டார்க்கி என்ற ஊரில் வாசம். கேஸ் கம்பெனியோடு பில் தகராறு, குளிரில் போர்வைக்குள் சுருண்டு படுக்கை, கடிதங்களில் கையெழுத்துக்குப் பின்னால் பட்டம் மாதிரி நாலு எழுத்து போட்டுக்கொள்வார், சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் புழு என்று வரும். பக்கத்துப் பையன்கள் கேலி செய்தார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து செர்ல் என்ற இயற்பியலாளர் மட்டும் மனைவியோடு அவ்வப்போது வந்து பார்த்தார். ஓடும் மின்னூட்டத்தின் புலத்தை ஹெவிசைடுக்குப் பின் மேலே எடுத்துச் சென்றவர் அவர்தான். அழுந்திய கோளத்துக்கு ஹெவிசைடு எலிப்ஸாய்டு என்று பெயரும் வைத்தார். 1922-இல் மின்பொறியாளர் சங்கம் தன் முதல் ஃபாரடே பதக்கத்தை இவருக்கு அறிவித்தது. விழாவுக்கு வர மாட்டார் என்று தெரிந்து, சங்கத் தலைவரே டார்க்கிக்கு ரயிலேறிப் போய் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

1925 ஜனவரியில் வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டார். ஆம்புலன்ஸ் வண்டியில் நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி உயிர் பிரிந்தது. பெயின்டனில் அப்பா அம்மாவைப் புதைத்த அதே குழியில் அவரையும் வைத்தார்கள்.